கீத்லி 2602பி: மெனுல சேர்த்த டெஸ்ட் மறுநாள் காலைல ஓட மாட்டேங்குது, சேவ் பண்ணித்தான் வச்சிருக்கேன்

சுங்கை_ஆரா எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். நான் மலேசியா பினாங்கு பாயான் லெப்பாஸ்ல ஒரு கிலாங்ல (ஃபேக்டரில) டெஸ்ட் டெக்னீஷியனா இருக்கேன், சேர்ந்து அஞ்சு மாசம் ஆவுது. எங்க லைன்ல கீத்லி 2602பி ஒண்ணு இருக்கு, கரண்ட் வோல்டேஜ் குடுத்து அளக்கிற மெஷின், எல்இடி செக் பண்றதுக்கு. இதுவரைக்கும் லேப்டாப் வச்சுத்தான் ஓட்டிட்டு இருந்தோம், ஆனா நைட் ஷிஃப்ட்ல லேப்டாப் இருக்காது, ஆபரேட்டருங்க முன்னாடி இருக்கிற பட்டனை அழுத்துனாலே டெஸ்ட் ஓடணும்னு லைன் லீடர் கேட்டாரு. நானும் மேனுவல் படிச்சு டெஸ்ட் ஸ்கிரிப்ட் பில்டர்ல (லேப்டாப்ல இருக்கிற கீத்லி சாஃப்ட்வேர்) ஒரு ஸ்கிரிப்ட் எழுதுனேன். 20 மில்லிஆம்ப் குடுத்து ஃபார்வர்ட் வோல்டேஜ் பாக்கும், அப்புறம் ரிவர்ஸ்ல 5 வோல்ட் குடுத்து லீக்கேஜ் (கசியுற கரண்ட்) பாக்கும், பாஸா ஃபெயிலான்னு ஸ்கிரீன்ல காட்டும், அவ்ளோதான்.

ஸ்கிரிப்ட் பேரு எல்இடி_மெயின், உள்ள இருக்கிற ஃபங்ஷன் பேரு எல்இடி_செக். (தமிழ் கீபோர்டுலயே அடிக்கிறேன், அதனால கமாண்டும் தமிழ் எழுத்துலதான் வருது, பாத்தா உங்களுக்கு எதுன்னு புரியும்.) ஓட்டிப் பாத்தேன், எல்இடி_மெயின்.சேவ்() குடுத்தேன், அதுக்கப்புறம் டிஸ்ப்ளே.லோட்மெனு.ஆட்("எல்இடி", "எல்இடி_செக்()") அப்படின்னு மெனுலயும் சேர்த்தேன். லோட் பட்டன், யூசர், எல்இடி, ரன். அருமையா ஓடுச்சு, அன்னைக்கு ஃபுல்லா ஓடுச்சு. நைட் ஷிஃப்ட் மாக்சிக் (மலாய் ஆன்ட்டி) ஒருத்தங்க கூட இது சுலபமா இருக்குன்னு சொன்னாங்க.

சனிக்கிழமை கரண்ட் ஆஃப் பண்ணி மெயின்டெனன்ஸ் பண்ணாங்க, திங்கக்கிழமை காலைல ஆன் பண்ணா மெனுல எல்இடின்னு பேரு இருக்கு, செலக்ட் பண்ணி ரன் அழுத்துனா மைனஸ் 286, டிஎஸ்பி ரன்டைம் எரர், எல்இடி_செக் ஒரு நில் வேல்யூன்னு (ஒண்ணுமே இல்லைன்னு) வருது. சேவ் ஆகலையோன்னு கேட்டலாக் (சேவ் ஆன ஸ்கிரிப்ட் லிஸ்ட்) எடுத்துப் பாத்தேன், ஸ்கிரிப்ட் இருக்கு. மெனு என்ட்ரியும் இருக்கு. ரெண்டும் இருக்குறப்ப எப்படி நில்லுன்னு சொல்லுது? லேப்டாப்ப மாட்டி திரும்ப ஓட்டுனா சரியாவுது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா திரும்ப அதே எரர். நாளைக்கு நைட் ஷிஃப்ட்டுக்குள்ள சரி பண்ணணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பிஎம்_டெஸ்ட் எழுதியது:

தம்பி, நீங்க செஞ்சதுல பாதி சரி, ஒரே ஒரு இடத்துலதான் விட்டுருக்கீங்க. பதில் சொல்றதுக்கு முன்னாடி இதை மட்டும் செஞ்சு பாருங்க: மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, லேப்டாப் மாட்டாதீங்க, லோட் அழுத்தி ஸ்கிரிப்ட்ஸ்னு இருக்கிறதுக்குள்ள போய் எல்இடி_மெயினை ஒரு தடவை ஓட்டுங்க. ஓட்டிட்டு அதுக்கப்புறம் யூசர் மெனுல போய் எல்இடியை ஓட்டுங்க. ஓடும் பாருங்க.

ஏன்னு சொல்றேன். கீத்லியோட டிஎஸ்பி, அதாவது மெஷினுக்குள்ளயே ஸ்கிரிப்டை ஓட்டுற பகுதி, லுவா மொழிலதான் ஓடுது. 1993ல பிரேசில்ல ரியோ டி ஜெனிரோவுல ஒரு யூனிவர்சிட்டில உருவாக்குன மொழி, லுவான்னா போர்த்துகீசுல நிலா. லுவாவுல ஃபங்ஷன் எல்இடி_செக்() அப்படின்னு நீங்க எழுதுறது வெறும் அறிவிப்பு இல்ல, அதுவும் ஓட வேண்டிய ஒரு வரி, அதாவது எல்இடி_செக் அப்படிங்கிற வேரியபிள்ல ஒரு ஃபங்ஷனைத் தூக்கிப் போடுன்னு அர்த்தம். அந்த வரி ஓடுற வரைக்கும் எல்இடி_செக்குன்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. இல்லாத வேரியபிளைக் கேட்டா லுவா நில்லுன்னுதான் சொல்லும்.

மெஷினை ஆன் பண்றப்ப நான்வோலட்டைல் மெமரில (ஆஃப் பண்ணாலும் அழியாத மெமரி) சேவ் பண்ணி வச்சிருக்கிற ஸ்கிரிப்ட் எல்லாத்தையும் அது எடுத்து ரன்டைம்ல (ஆன்ல இருக்கிற வரைக்கும் மட்டும் இருக்கிற மெமரி) ஏத்தி வைக்கும். ஏத்தி வைக்கும், ஓட்டாது. கடையில இருந்து சாமான் மூட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்திருச்சு, ஆனா யாரும் மூட்டைய அவுக்கல, அந்த மாதிரி. எல்இடி_மெயின் அப்படிங்கிற மூட்டை இருக்கு, அதுக்குள்ள இருக்கிற எல்இடி_செக் இன்னும் வெளில வரல. முதல் நாள் உங்களுக்கு ஓடுனதுக்குக் காரணம் மெனுவுக்குப் போறதுக்கு முன்னாடியே டெஸ்ட் ஸ்கிரிப்ட் பில்டர்ல இருந்து நீங்க அதை ஓட்டியிருந்தீங்க.

அப்புறம் மெனு என்ட்ரி. லோட்மெனு.ஆட் உங்க ஃபங்ஷனை சேவ் பண்றது கிடையாது தம்பி, ரெண்டாவதா நீங்க குடுத்த அந்தக் கொட்டேஷனுக்குள்ள இருக்கிற எழுத்தை மட்டும்தான் சேவ் பண்ணுது. மூணாவதா எதுவும் குடுக்கலைன்னா அது தானாவே சேவ் ஆயிரும், டிஸ்ப்ளே.டோன்ட்_சேவ் குடுத்தாத்தான் ஆஃப் பண்ணா போயிரும். அதனாலதான் பேரு அப்படியே இருக்கு, ஆனா அது கூப்பிடுற ஆளு இல்ல.

மாத்துறது சின்ன வேலைதான். டிஸ்ப்ளே.லோட்மெனு.டெலீட்("எல்இடி") குடுத்து பழசை எடுத்துருங்க, அப்புறம் டிஸ்ப்ளே.லோட்மெனு.ஆட்("எல்இடி", "எல்இடி_மெயின்() எல்இடி_செக்()"). முதல்ல மூட்டைய அவுக்கும், அடுத்து டெஸ்டைக் கூப்பிடும், ரெண்டும் ஒரே என்ட்ரிக்குள்ள. ஒவ்வொரு தடவையும் ஸ்கிரிப்ட் திரும்ப ஓடுதேன்னு கவலைப்படாதீங்க, ஃபங்ஷனை மட்டும் வச்சிருக்கிற ஸ்கிரிப்ட் ஓடுறதுக்கு நேரமே ஆகாது.

இன்னொரு வழியும் இருக்கு, எல்இடி_மெயின்.ஆட்டோரன் = "யெஸ்" போட்டு அதுக்கப்புறம் சேவ் பண்ணணும் (சேவ் பண்ணிட்டு ஆட்டோரன் போட்டா அது நிக்காது, வரிசை முக்கியம்). அப்ப மெஷின் ஆன் ஆவுறப்பவே ஸ்கிரிப்ட் தானா ஓடிரும். பலபேரு இதைத்தான் சொல்வாங்க. நான் சொல்ல மாட்டேன். உங்க ஸ்கிரிப்ட்ல ஃபங்ஷனுக்கு வெளில அவுட்புட் ஆன்னு ஒரு வரி தப்பித்தவறி இருந்துச்சுன்னா, கரண்ட் வந்த உடனே ஃபிக்ஸ்சர்ல (பீஸை வைக்கிற இடம்) யாரு கை இருந்தாலும் அவுட்புட் ஆன் ஆயிரும். உங்க 2602பி 40 வோல்ட் வரைக்கும்தான் குடுக்கும், சரி, ஆனா இதே பழக்கத்தை நீங்க நாளைக்கு 2636பிக்கு எடுத்துட்டுப் போவீங்க, அது 200 வோல்ட் குடுக்கிற மெஷின். ஆட்டோரன் ஸ்கிரிப்ட் நாலஞ்சு இருந்தா எது முன்னாடி எது பின்னாடி ஓடும்னு சொல்லவும் முடியாது. எல்லாம் முடிஞ்ச பிறகு கடைசியா ஓடணும்னா அதுக்கு ஆட்டோஎக்ஸெக்குன்னு பேரு வச்ச ஸ்கிரிப்ட் தனியா இருக்கு. ஆன் பண்ண உடனே மெஷின் சும்மா இருக்கணும், மனுஷன் பட்டன் அழுத்துன பிறகுதான் வேலை செய்யணும், என் லைன்ல இதுதான் ரூல்.

---

செந்தூல்_கலிப் எழுதியது:

அக்கா சொன்னது அப்படியே சரி. நான் இப்ப கேஎல்ல (கோலாலம்பூர்ல) இருக்கேன், முன்னாடி பினாங்குல ஒரு கிலாங்ல இதே 2600 வரிசைல வேலை செஞ்சேன், இதுக்குப் பக்கத்துல இன்னொரு குழி இருக்கு, நான் அதுல விழுந்திருக்கேன் அதனால தம்பிக்கு சொல்லிடுறேன்.

ஒரு நாள் கஸ்டமர் லீக்கேஜ் லிமிட்டை இறுக்கிட்டாங்க. நான் ஸ்கிரிப்ட்ல நம்பரை மாத்தி லேப்டாப்புல இருந்து ஏத்தி ஓட்டிட்டேன், பகல் ஃபுல்லா புது லிமிட்டுலதான் ஓடுச்சு, நானே நின்னு பாத்தேன். ஆனா சேவ் குடுக்கல. அதே பேர்ல புதுசா ஏத்துனா ரன்டைம்ல புதுசு வந்துரும், நான்வோலட்டைல்ல பழசு அப்படியே உக்காந்திருக்கும், நீங்க சேவ் குடுக்கிற வரைக்கும் அது மாறாது. ராத்திரி யாரோ மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருக்காங்க, பழைய லிமிட் திரும்ப வந்துருச்சு, எந்த எரரும் வராது ஏன்னா பழைய ஸ்கிரிப்டும் நல்லா ஓடுற ஸ்கிரிப்ட்தானே. காலைல வரைக்கும் பழைய லிமிட்டுல பாஸ் பண்ணி அனுப்பியிருக்காங்க. அந்த லாட் எல்லாத்தையும் திரும்ப டெஸ்ட் பண்ணோம், தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி, ஆபரேட்டருங்க மேல தப்பே இல்ல, ஆனா அவங்கதான் கூடுதலா நின்னாங்க. இன்னும் எனக்கு அது உறுத்தும்.

அன்னைல இருந்து நான் ரெண்டு காரியம் செய்வேன். ஒண்ணு, மெனு பேர்லயே வெர்ஷன் வைப்பேன், எல்இடி_3, எல்இடி_4 அப்படின்னு, புதுசு போடுறப்ப பழைய என்ட்ரியை டெலீட் பண்ணிருவேன், டெஸ்ட் ஆரம்பிக்கிறப்ப ஸ்கிரீன்லயும் வெர்ஷனும் லிமிட்டும் ஒரு செகண்ட் நிக்கும். ரெண்டாவது, என்ன மாத்துனாலும் சேவ் குடுத்து ஆஃப் பண்ணி ஆன் பண்ணி லேப்டாப் இல்லாம ஒரு நல்ல பீஸ் ஒரு கெட்ட பீஸ் வச்சு ஓட்டிப் பாத்துட்டுத்தான் லைனுக்குக் குடுப்பேன். கெட்ட பீஸ் ரொம்ப முக்கியம், தனியா ஒரு டப்பால போட்டு பூட்டி வச்சிக்குங்க.

பேக்கப்பும் எடுத்து வைங்க தம்பி. முன்னாடி இருக்கிற யூஎஸ்பில தம்ப்டிரைவ் சொருகிட்டு எல்இடி_மெயின்.சேவ்("/யூஎஸ்பி1/எல்இடி_மெயின்.டிஎஸ்பி") குடுத்தா ஃபைலா வந்துரும். லேப்டாப்புல இருந்த ஒரிஜினல் தொலைஞ்சு போச்சு, மெஷினுக்குள்ள மட்டும்தான் இருக்குன்னா பயப்படாதீங்க, எல்இடி_மெயின்.லிஸ்ட்() குடுத்தா மெஷினே முழு ஸ்கிரிப்டையும் திருப்பி அனுப்பும். பழைய ஆளு வேலையை விட்டுப் போயிட்டா பல இடத்துல இப்படித்தான் மீட்டு எடுத்திருக்கோம்.

---

சுங்கை_ஆரா எழுதியது:

அக்கா ரொம்ப நன்றி, அண்ணே உங்களுக்கும். அக்கா சொன்ன மாதிரி ஸ்கிரிப்ட்ஸ்ல போய் ஒரு தடவை ஓட்டிட்டு மெனுவுக்கு வந்தேன், ஓடுச்சு, அப்பவே புரிஞ்சிருச்சு. மெனு என்ட்ரியை மாத்திட்டேன், மூணு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன், மூணு தடவையும் முதல் அழுத்துலயே ஓடுச்சு.

ஆனா இப்ப ரெண்டாவது ஸ்கிரிப்ட் ஒண்ணு இருக்கு, லீக்கேஜ் மட்டும் தனியா பாக்கிறது, போன வாரம் எழுதுனது. அது எரர் குடுக்கல, வேற மாதிரி பண்ணுது. மெஷின் ஆன் பண்ணி முதல் தடவை மெனுல இருந்து ஓட்டுனா ஒண்ணுமே நடக்கல, ஸ்கிரீன் அப்படியே இருக்கு. ரெண்டாவது தடவை ஓட்டுனா டெஸ்ட் ஓடுது, அதுக்கப்புறம் எத்தனை தடவை ஓட்டுனாலும் ஓடுது. ஆபரேட்டருங்க காலைல ரெண்டு தடவை அழுத்திப் பழகிட்டாங்க. ஸ்கிரிப்ட் பேரு லீக், ஃபங்ஷன் பேரும் லீக், மெனுல "லீக்()" குடுத்திருக்கேன். இது ஏன்?

இன்னொண்ணு, சிவப்பு எல்இடிக்கு ஒரு லிமிட் நீலத்துக்கு ஒரு லிமிட், சிவப்பு 2 வோல்ட் பக்கம் நீலம் 3 வோல்ட் பக்கம் வரும், ஆபரேட்டரே எந்தக் கலருன்னு செலக்ட் பண்ற மாதிரி வைக்க முடியுமா?

---

பிஎம்_டெஸ்ட் எழுதியது:

பதிலை நீங்களே எழுதிட்டீங்க தம்பி, ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கிறதுதான் காரணம். ஸ்கிரிப்டுக்குப் பேரு வச்சா அந்தப் பேர்ல ஒரு குளோபல் வேரியபிள் உருவாகும். மெஷின் ஆன் ஆனப்ப லீக் அப்படின்னா ஸ்கிரிப்ட். மெனு முதல் தடவை லீக்() கூப்பிடுறப்ப ஸ்கிரிப்ட் ஓடுது, அதுக்குள்ள லீக்குன்னு ஒரு ஃபங்ஷன் இருக்கா, அது அதே வேரியபிள் மேல ஏறி உக்காந்துக்குது. டெஸ்ட் ஓடல, ஃபங்ஷன் மட்டும் தயாராச்சு. ரெண்டாவது தடவை கூப்பிடுறப்பதான் லீக் அப்படின்னா ஃபங்ஷன், டெஸ்ட் ஓடுது. இதுல இன்னொரு தொல்லை, ஒரு தடவை ஓட்டுன பிறகு லீக்.சேவ்() குடுத்தா எரர் வரும், ஏன்னா லீக் இப்ப ஸ்கிரிப்டே இல்ல. ஸ்கிரிப்டுக்கு ஒரு பேரு ஃபங்ஷனுக்கு வேற பேரு, இதை இன்னைக்கே மாத்துங்க. ரெண்டு தடவை அழுத்துற பழக்கத்தை விட்டு வைக்காதீங்க, நாளைக்கு வேற ஒரு மெஷின்ல ரெண்டு தடவை அழுத்துனா அதே பீஸை ரெண்டு தடவை எண்ணிரும்.

கலர் செலக்ட் பண்றதுக்கு டிஸ்ப்ளே.மெனு இருக்கு. முதல்ல தலைப்பு, அடுத்து ஐட்டங்களை ஒரே கொட்டேஷனுக்குள்ள நடுவுல ஸ்பேஸ் விட்டு எழுதணும். ஸ்பேஸ்தான் பிரிக்கும், அதனால ஒரு ஐட்டத்துக்கு ரெண்டு வார்த்தை வைக்க முடியாது. தமிழ் எழுத்து அந்த ஸ்கிரீன்ல வராது. நான் என் லைன்ல மேரா (சிவப்பு), பிரு (நீலம்), ஹிஜாவ்னு (பச்சை) மலாய்ல வைப்பேன், மாக்சிக்குக்கும் புரியும், நேபாளி பசங்களுக்கும் ஒரு வாரத்துல பழகிரும், நம்ம அக்காமாருக்கும் சொல்ல வேணாம். மேல் வரில 20 எழுத்து, கீழ் வரில 32 எழுத்துதான் நிக்கும், எண்ணி எழுதுங்க, அறுந்து போன வாக்கியத்தைப் பாத்து யாரும் முடிவு எடுக்கக்கூடாது.

மெனு ஸ்கிரீன்ல இருக்கிறப்ப ஆபரேட்டர் எக்ஸிட் அழுத்துனா ஸ்கிரிப்ட் நிக்காது, உங்களுக்கு நில் திரும்பி வரும். பலபேரு இதை செக் பண்றதே இல்ல, நில் வந்தா மேராவும் இல்ல பிருவும் இல்ல, எல்ஸ்ல (எதுவும் பொருந்தலைன்னா ஓடுற பகுதி) எழுதி வச்ச லிமிட்டுல டெஸ்ட் ஓடிரும், பாஸுன்னு கூட வரும். இஃப் கலர் == நில் தென் எக்ஸிட்() என்ட், இதை முதல் வரியா போடுங்க. எல்ஸ்ல எந்தக் கலரையும் வைக்காதீங்க, தெரியாத பதில் வந்தா நிறுத்துங்க.

அவுட்புட் ஆஃப் எத்தனை இடத்துல போட்டிருக்கீங்கன்னும் பாருங்க. ஃபார்வர்ட் ஃபெயில் ஆனா அங்கயே ரிட்டர்ன் குடுத்து வெளில வர்ற மாதிரி எழுதியிருந்தா அவுட்புட் ஆன்லயே நிக்கும், ஆபரேட்டர் கையால பீஸை எடுப்பாங்க. அளந்த உடனே ஆஃப், அதுக்கப்புறம்தான் பாஸ் ஃபெயில் கணக்கு.

எங்க அம்மா எழுபதுகள்ல பாயான் லெப்பாஸ்ல ஆபரேட்டரா இருந்தவங்க தம்பி, 1972ல அந்த இடம் தொடங்கி கொஞ்ச வருஷத்துல எஸ்டேட்ல இருந்து கிலாங் பஸ்ல போனவங்க, ராத்திரி முழுக்க மைக்ராஸ்கோப் பாத்துட்டு காலைல கண்ணு சிவந்து வருவாங்க. மெஷின்ல ஏதாச்சும் தப்பா காட்டுனா முதல்ல திட்டு வாங்குறது ஆபரேட்டருதான்னு அவங்க சொல்லிக் கேட்டிருக்கேன். ராத்திரி மூணு மணிக்கு அந்த ரெண்டு வரி ஸ்கிரீனைப் பாக்கிறவங்களுக்கு சந்தேகமே வரக்கூடாது, அதுக்குத்தான் இவ்ளோ சொல்றேன்.

---

பத்துகாவான்_டிஎம்எம் எழுதியது:

குறுக்க வர்றேன், யாராச்சும் கீத்லியோட டச் ஸ்கிரீன் மாடல் 2450 இல்ல டிஎம்எம்6500 வச்சிக்கிட்டு இதைப் படிச்சு லோட்மெனு எங்கன்னு தேடாதீங்க. மேல சொன்ன லோட்மெனு முறை 2600 வரிசைக்கு. டச் ஸ்கிரீன் மாடல்ல டிஎஸ்பி ஃபைலை தம்ப்டிரைவ்ல போட்டு சொருகி, மெனு பட்டன், ஸ்கிரிப்ட்ஸ், ரன், அங்க பேரு தெரியும். ஸ்கிரிப்ட்ஸ்லயே மேனேஜ்னு ஒண்ணு இருக்கு, அதுல தம்ப்டிரைவ்ல இருந்து மெஷினுக்குள்ள காப்பி பண்ணிக்கலாம், மெஷின்ல இருந்து வெளிலயும் எடுக்கலாம். டிரைவ்ல இருந்து நேரா ஓட்டி விட்டுட்டு டிரைவைக் கழட்டிட்டுப் போயிட்டா அடுத்த ஷிஃப்டுக்கு ஸ்கிரிப்ட் இருக்காது, நாங்க பட்டிருக்கோம். டிஸ்ப்ளே கமாண்டெல்லாம் வேற, 2600ல எழுதுனதை அப்படியே கொண்டு வந்தா ஸ்கிரீன் பகுதியை திரும்ப எழுத வேண்டி இருக்கும், அளக்கிற பகுதியைத் தனி ஃபங்ஷனா வச்சிருந்தா வேலை மிச்சம்.

---

சுங்கை_ஆரா எழுதியது:

எல்லாம் செஞ்சு முடிச்சிட்டேன். லீக் ஸ்கிரிப்டை லீக்_மெயின்னு மாத்தி ஏத்திட்டேன், பழைய லீக்கை ஸ்கிரிப்ட்.டெலீட்("லீக்") குடுத்து எடுத்துட்டேன், இல்லன்னா அடுத்த தடவை ஆன் பண்றப்ப அதுவும் வந்து நிக்கும்ல. இப்ப ஒரே அழுத்துதான். அக்கா, நீங்க சொன்ன இடத்துல பாத்தேன், ஃபார்வர்ட் ஃபெயில் ஆனா ரிட்டர்ன் ஆவுற வரி இருந்துச்சு, அவுட்புட் ஆஃப் அதுக்குக் கீழதான் இருந்துச்சு. மேல ஏத்திட்டேன்.

நேத்து ராத்திரி எட்டு மணிக்கு மாக்சிக் வந்தப்ப லேப்டாப்பை எடுத்துட்டேன். அவங்க முன்னாடியே ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, லோட், யூசர், எல்இடி_2, ரன். மேராவா பிருவான்னு கேட்டுச்சு, பிரு அழுத்துனாங்க, நல்ல பீஸ் பாஸ், டப்பால வச்ச கெட்ட பீஸ் ஃபெயில். வேணும்னே எக்ஸிட் அழுத்தச் சொன்னேன், ஒண்ணும் ஓடாம நின்னுருச்சு. காலைல ஏழு மணிக்கு வந்து கேட்டேன், ராத்திரி யாரும் என்னைக் கூப்பிடல. அண்ணே சொன்ன மாதிரி தம்ப்டிரைவ் காப்பியை லைன் லீடர் டிராயர்ல வச்சிருக்கேன், மேல வெர்ஷன் எழுதி ஒட்டியிருக்கேன்.

---

செந்தூல்_கலிப் எழுதியது:

நல்லது தம்பி. அந்தக் கெட்ட பீஸ்ல எது எதுக்காக ஃபெயில்னு டப்பா மேல எழுதி வைங்க, ஃபார்வர்டுக்கு ஒண்ணு, லீக்கேஜுக்கு ஒண்ணு, ரெண்டு பீஸ் வேணும். ஒண்ணு மட்டும் இருந்தா முதல் டெஸ்ட்லயே ஃபெயில் ஆயிரும், லீக்கேஜ் பகுதி ஓடுதா இல்லையான்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது.